ஒரு கடிதத்தாற் கடன் அழியுமோ?

கொந்திராத்துக்காரர் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மவரிற் பலர் முகஞ் சுளிப்பர். மணல் மிகுந்து சீமெந்து குறைந்த மதகுகளும், முதல் மாரியிலேயே கரைந்தோடிய வீதிகளும் அவர்களுடைய நினைவுக்கு வரும். அப்பழியில் உண்மையே இல்லையென்று வாதாட நாம் வரவில்லை. இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, வேலை பாதியில் நிற்கும்போது, "இத்துடன் நிறுத்துக" என்று இரண்டு வரிக் கடிதமொன்றை அனுப்பிவிட்டு, அதுவரை அவர் செய்து முடித்த வேலைக்குரிய பணத்தையும் கொடாது கந்தோர் கந்தோராக அலையவிடும் வழக்கமொன்று இந்நாட்டில் வேரூன்றிவிட்டது. வேலை கொடுத்தவர் தாம் விரும்பிய நேரத்தில் வேலையை நிறுத்தலாமா? பல சந்தர்ப்பங்களில் நிறுத்தலாம். நிறுத்திய மாத்திரத்தே அவர் பட்ட கடனும் நின்றுவிடுமா? அதுவே கேள்வி.

இக்கேள்வி கொழும்பிலே அடுக்குமாடி எழுப்பும் கம்பனிகளுக்கு மட்டும் உரியதன்று. வடக்கிலும் கிழக்கிலும் கொந்திராத்துச் செய்வோரைப் பாருங்கள். இளைப்பாறிய ஓவசியர், மேசன் தொழிலில் இருந்து தன் உழைப்பால் உயர்ந்தவர், ஓர் உழவு இயந்திரத்தையும் ஒரு கலவை இயந்திரத்தையும் மூலதனமாக வைத்திருப்பவர், இவர்களே பெரும்பான்மையினர். இவர்களோடு கமக்காரரும் கொந்திராத்துக்காரரே. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற கமக்காரர் அமைப்புகள், வாய்க்கால் திருத்தம், குளக்கட்டு உயர்த்தல், துருசு பழுதுபார்த்தல் போன்ற சிறு வேலைகளைத் தாமே பொறுப்பேற்றுச் செய்கின்றன. ஊரவர் அமைப்புகளிடம் இத்தகைய வேலைகளைக் கொடுப்பதற்கு அரசாங்கக் கொள்வனவு விதிகளும் இடமளிக்கின்றன. அமைப்பின் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் பத்திரத்திற் கையொப்பமிடுகிறார்கள். கல்லும் மணலும் கடனுக்கு வருகின்றன. கூலியாட்களுக்குச் சனிக்கிழமை தோறும் பணம் வேண்டும். அதற்காகத் தலைவர் வீட்டுச் சங்கிலி வங்கியில் அடைவுக்குப் போவதும் உண்டு. வேலை அரைவாசியில் நிறுத்தப்பட்டால் அந்த அடைவை மீட்பவர் யார்? ஆகையால், இது நமக்குரிய விடயமன்று என்று கமக்காரர் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

வெளிநாட்டான் இத்தகைய இக்கட்டில் என்ன செய்கிறான் என்பதை முதலிற் பார்ப்போம். மாலபேயில் இருந்து கொழும்புக் கோட்டை வரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தூரத்திற்கு இலகு புகையிரதப் பாதை அமைப்பதற்காக, 2019 மார்ச்சு மாதத்தில் யப்பானிய சர்வதேச ஒத்துழைப்பு முகவரகத்துடன் இலங்கை அரசாங்கம் கடன் ஒப்பந்தம் செய்தது. நாற்பது ஆண்டுகளில் இறுக்கக்கூடிய கடன், அற்ப வட்டி. அவ்வாண்டு நவம்பரில் ஆட்சி மாறியது. 2020 செப்டெம்பரில், சனாதிபதியின் செயலாளர் அனுப்பிய ஒரு கடிதம் அத்திட்டத்தை முடிவுறுத்தித் திட்டக் கந்தோரையும் மூடும்படி பணித்தது. ஆலோசனை வேலையை ஏற்றிருந்த நிறுவனம் விதியை நொந்துகொண்டு விமானம் ஏறிவிட்டதா? இல்லை. தன் ஒப்பந்தத்தைக் கையிலெடுத்து, செய்த வேலைக்கும் முறித்ததால் வந்த நட்டத்துக்கும் கணக்குக் காட்டி இழப்பீடு கேட்டது. கடிதம் எழுதியவர்கள் பதவியில் இருந்து போய்விட்டார்கள். கணக்கு மாத்திரம் மக்களின் தலையில் நின்றது. கணக்காய்வாளர் நாயகமும் அம்முறிப்பைப் பின்னர் ஆராய்ந்து குறைகண்டார்.

அதே ஆட்சி மாற்றத்தோடு நமது ஊர்களிலும் வேலைகள் நின்றன. முந்திய அரசாங்கம் 2018இல் ஆரம்பித்த கம்பெரலியத் திட்டத்தின்கீழ்க் கோயில் மதிலும், சனசமூக நிலையமும், ஒழுங்கைகளும் என்று சிறு சிறு வேலைகள் நடந்துகொண்டிருந்தன. புதிய அரசாங்கம் அத்திட்டத்தைத் தொடரவில்லை. யப்பானியர் கேட்டதுபோல நம்மவர் கேட்டார்களா? பெரும்பாலோர் கேட்கவில்லை. "பிரதேச செயலகத்துக்குப் போனேன், காசு வரவில்லை என்று சொன்னார்கள்" என்பதோடு பலருடைய வழக்கு முடிந்துபோயிற்று. பின்னர் 2022 வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன்களை இறுப்பதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அம்மாதமே திறைசேரி செலவைக் கட்டுப்படுத்தும் சுற்றுநிருபத்தை விடுத்தது. நாடெங்கும் கட்டட வேலைகள் நின்றன. சீமெந்தின் விலையோ அதற்கு முந்திய ஆண்டின் விலையிலும் பார்க்க இரண்டு மடங்கைத் தாண்டிப் போயிருந்தது. பழைய விலையிற் கேள்விப்பத்திரம் போட்டவர்கள் புதிய விலைக்குச் சீமெந்து வாங்கி, பட்டியலையும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

"அரசாங்கத்திடம் காசில்லை, இல்லாதவனிடம் எப்படிக் கேட்பது?" என்று கூறுவோர் உண்டு. இது நியாயம்போலத் தோன்றும் அநியாயம். காசில்லாமை ஒப்பந்தக் கடமையை நீக்கும் காரணமென்று எந்தச் சட்டமும் ஏற்பதில்லை. கமக்காரன் வெள்ளத்தில் நெல்லை இழந்தபின், "கையிற் காசில்லை, ஆகையால் நான் கடன்காரனல்லன்" என்று வங்கியிடம் சொல்லிப் பார்க்கட்டும். வங்கி என்ன செய்யும் என்பதை நாம் எழுதவேண்டியதில்லை.

இனி உரிமையின் விடயத்துக்கு வருவோம். கொந்திராத்தொன்றை வேலை கொடுத்தவர் முறிப்பது மூன்று வகையில் நிகழும். கொந்திராத்துக்காரரின் குற்றத்தைக் காட்டி முறிப்பது ஒன்று. எக்குற்றமும் காட்டாது, தமது வசதிக்காக முறிப்பது இன்னொன்று. பத்திரத்தில் எவ்வித அதிகாரமும் இல்லாதிருக்க, வெறும் அதிகாரத் திமிரால் முறிப்பது மூன்றாவது. கடிதம் பெற்றவர் முதலிற் கேட்கவேண்டியது இதுவே: "எந்த நிபந்தனையின்கீழ் என்னை நிறுத்துகிறீர்கள்?" இக்கேள்வியை எழுத்திற் கேட்கவேண்டும், பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். ஏனெனில், எந்த வகை என்பதைப் பொறுத்தே கைக்கு வரும் தொகை மலைக்கும் மடுவுக்குமாக மாறுகிறது.

எவ்வளவு மாறும் என்பதை ஒரு கணக்காற் காட்டுவோம். ஒரு கமக்காரர் அமைப்பு 20 இலட்சம் ரூபாவுக்கு வாய்க்கால் வேலை ஒன்றை ஏற்றது என்று கொள்வோம். முற்பணமாக 4 இலட்சம் வாங்கியது. நிறுத்தற் கடிதம் வரும்போது 7 இலட்சம் பெறுமதியான வேலை முடிந்திருக்கிறது. வாங்கிக் குவித்த கல்லும் மணலும் 2 இலட்சம். பொறிகளை ஏற்றி இறக்கும் செலவு 25 ஆயிரம். சிறு வேலைகளுக்கென உலக வங்கி வகுத்த மாதிரி நிபந்தனைகளைப் பாருங்கள். வேலை கொடுத்தவர் தமது வசதிக்காக முறித்தாலும், தமது பெரும் தவறினால் முறிவு வந்தாலும், செய்த வேலையின் பெறுமதி, கட்டளையிட்ட பொருட்கள், பொறிகளை அகற்றும் நியாயமான செலவு, வேலைத்தலத்தைப் பாதுகாத்த செலவு ஆகியவற்றைக் கூட்டி, முற்பணத்தைக் கழித்து அத்தாட்சி வழங்க வேண்டும் என்று அவை விதிக்கின்றன. நமது உதாரணத்தில் அது 9 இலட்சத்து 25 ஆயிரத்தில் 4 இலட்சம் போக, 5 இலட்சத்து 25 ஆயிரம் ரூபாவாகும்.

அதே கடிதத்தில் "கொந்திராத்துக்காரரின் தவறு காரணமாக" என்ற சொற்கள் நுழைந்துவிட்டால் கணக்கு வேறாகிவிடும். அப்பொழுது செய்த வேலையின் பெறுமதியில் இருந்து முற்பணத்தைக் கழிப்பதோடு, முடியாத வேலையின் பெறுமதியில் ஒரு வீதத்தையும் கழிக்கலாம். அவ்வீதத்தைப் பத்திரம் நிர்ணயிக்கும். 20 வீதம் என்று வைத்துக்கொள்வோம். மிகுதி வேலை 13 இலட்சம். அதில் 20 வீதம் 2 இலட்சத்து 60 ஆயிரம். 7 இலட்சத்தில் 4 இலட்சமும் இதுவும் போக மிஞ்சுவது 40 ஆயிரம் ரூபா மாத்திரமே. குவித்து வைத்த கல்லும் மணலும் வேலை கொடுத்தவரின் உடைமையாகக் கருதப்படும். ஐந்து இலட்சத்துக்கும் நாற்பதாயிரத்துக்கும் இடையில் நிற்பவை இரண்டொரு சொற்கள். அச்சொற்கள் கடிதத்தில் இருக்கின்றனவா என்று வாசித்துப் பார்க்காமலே எத்தனை பேர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்! இருந்தால், அக்குற்றச்சாட்டை மறுத்து உடனே பதில் எழுதவேண்டும். மௌனம் சம்மதம் என்று பின்னர் வாதிக்கப்படும்.

பெரிய வேலைகளுக்கு ஃபிடிக் என்னும் சர்வதேச ஆலோசகப் பொறியியலாளர் சம்மேளனத்தின் நிபந்தனைகளும், அவற்றைத் தழுவி எழுந்தவையும் வழங்குகின்றன. பொறியியலாளரான வாசகர்கள் இவற்றை அறிவர். எனினும் அதில் ஒரு வாசகத்தின் அரசியற் பொருளை அவர்களும் ஊன்றிக் கவனித்ததாகத் தெரியவில்லை. 1999ஆம் ஆண்டுச் செந்நூலின் 15.5ஆம் நிபந்தனை, வேலை கொடுத்தவர் தமது வசதிக்காக எந்நேரமும் முறிக்கலாம் என்கிறது. ஆனால் முறிவு உடனே நடைமுறைக்கு வராது. அறிவித்தல் கிடைத்த நாள், பிணைமுறியைத் திருப்பிக் கொடுத்த நாள், இவ்விரண்டிற் பிந்தியதில் இருந்து 28 நாள் கழித்தே வரும். இதைவிட முக்கியமானது அடுத்த வாக்கியம். வேலையைத் தாமே செய்வதற்காகவோ, வேறொரு கொந்திராத்துக்காரரைக் கொண்டு செய்விப்பதற்காகவோ இந்நிபந்தனையின்கீழ் முறித்தல் ஆகாது என்று அது தெளிவாகத் தடுக்கிறது.

ஏன் தடுக்கிறது? ஆட்சி மாறியதும் பழையவரின் ஆளை வெளியேற்றித் தம் ஆளை உள்ளே விடும் வித்தை நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதால். ஒரு திட்டம் மக்களுக்கு வேண்டாததென்று புதிய அரசாங்கம் கருதினால் அதை நிறுத்தட்டும். அந்த உரிமையை நாம் மறுக்கவில்லை. சனநாயகத்தில் அது இருக்கவே வேண்டும். ஆனால் இன்று நிறுத்திய அதே வீதியில் நாளை வேறொருவரின் பெயர்ப்பலகை நாட்டப்படுமானால், நின்றது திட்டமன்று, மனிதன் மட்டுமே. அவ்வாறான முறிப்பு நிபந்தனையை மீறிய முறிப்பு. செய்த வேலையின் விலையோடு வராத இலாபத்தையும் கேட்பதற்கு அது வழி திறக்கிறது. 1999ஆம் ஆண்டு நிபந்தனைகள் வசதி முறிப்புக்கு இலாப நட்டத்தைக் கொடுக்கவில்லை. 2017ஆம் ஆண்டுப் பதிப்பு அதனையும் சேர்த்துக் கொடுக்கிறது. எந்தப் பதிப்பிற் கையொப்பமிட்டோம் என்பதைப் பார்த்து வைத்துக்கொள்ளுதல் நன்று.

மூன்றாவது வகைக்கு, அதாவது பத்திரத்தில் அதிகாரமே இல்லாது முறித்தலுக்கு, இந்நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம ஒல்லாந்தச் சட்டம் பதில் சொல்கிறது. ஒப்பந்தத்தை ஒருவர் கைவிட்டால், மற்றவர் அதனை முறிவாக ஏற்று நட்டஈடு கேட்கலாம். ஏற்காது ஒப்பந்தம் நிலைக்கிறதென்றும் நிற்கலாம். இரண்டில் ஒன்றையே தெரியவேண்டும். நட்டஈடென்பது, ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால் அவர் எந்நிலையில் இருந்திருப்பாரோ அந்நிலையிற் பணத்தால் இயன்றவரை அவரை வைப்பது. நமது உதாரணத்தில் மிகுதி 13 இலட்சம் ரூபா வேலையிற் பத்து வீதம் இலாபம் வந்திருக்கும் என்று காட்டமுடியுமானால், அந்த 1 இலட்சத்து 30 ஆயிரமும் கோரிக்கையிற் சேரும். ஆனால் நட்டத்தைக் குறைக்கும் கடமையும் அவருக்குண்டு. வாங்கிய கம்பியை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம், விற்கலாம். துருப்பிடிக்க விட்டுவிட்டு முழுவிலையையும் கேட்டால் நீதிமன்றம் இணங்காது. எழுத்துப் பத்திரமே இல்லாமல் வாய்ச்சொல்லில் வேலை செய்தவருக்கும் வழி அடைபட்டதில்லை. ஒருவர் உழைப்பால் இன்னொருவர் காரணமின்றி நயமடைந்து இருத்தலாகாது என்பதும் அச்சட்டத்தின் கொள்கையே.

இவ்வளவு உரிமையும் இருந்தும் நம்மவர் தோற்பது எங்கே? பெரும்பாலும் தமது கோபத்தாலே தோற்கிறார்கள். பட்டியலுக்குக் காசு வராவிட்டால் ஆட்களையும் பொறிகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு நாட்காலை போய்விடுவார்கள். மேலே கூறிய சிறு வேலை நிபந்தனைகளின்படி, அனுமதியின்றி 28 நாள் வேலை நிறுத்தியவர் தாமே பெரும் தவறு செய்தவர் ஆகிவிடுகிறார். அத்தாட்சிப்படுத்திய பணத்தை 84 நாட்களுள் வேலை கொடுத்தவர் செலுத்தாவிடின் தவறு அவருடையது. அதுவரை பொறுத்து எழுத்தில் அறிவித்தவருக்கே உரிமை பிறக்கும். ஃபிடிக் நிபந்தனையிலோ பணம் பிந்தினால் 21 நாள் அறிவித்தல் கொடுத்து வேலையை மெதுவாக்கலாம் அல்லது நிறுத்திவைக்கலாம். தவணை கழிந்து 42 நாளாகியும் பணம் வராவிட்டால், 14 நாள் அறிவித்தலோடு கொந்திராத்துக்காரரே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அப்படி அவரே முறித்தால் இலாப நட்டமும் கேட்கலாம். மேலும், எக்கோரிக்கையையும் அதற்குரிய சம்பவத்தை அறிந்து 28 நாட்களுள் அறிவிக்கவேண்டும் என்பது அந்நிபந்தனைகளின் விதி. நாள் தவறினால் உரிமையும் தவறும். நாட்காட்டியைப் பாராதவனுக்குச் சட்டப் புத்தகத்தால் ஆவது ஒன்றுமில்லை.

அளவெடுத்தலைப் பற்றிக் கமக்காரர் அமைப்புகளுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். கட்டட வேலை நின்றால் சுவர் நிற்கும். எப்பொழுதும் போய் அளக்கலாம். வாய்க்கால் வேலையும் குளவேலையும் அப்படியல்ல. காலபோகத்துக்கு முன்னர்த்தான் இவ்வேலைகள் நடக்கின்றன. நிறுத்தற் கடிதம் புரட்டாதியில் வந்து, அளவெடுக்க "அடுத்த மாதம் வருகிறோம்" என்று சொல்லப்பட்டால், அடுத்த மாதம் ஐப்பசி மழை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும். வெட்டிய மண்ணும் போட்ட அணையும் தண்ணீருக்குள் இருக்கும். மாரி கழிந்து பார்க்கும்போது பாதி மண் கரைந்து போயிருக்கும். பிறகு எதை அளப்பது? ஆதலால் கடிதம் கிடைத்த கிழமையிலேயே தொழினுட்ப உத்தியோகத்தரை எழுத்தில் அழைத்து, இருபகுதியாரும் நிற்க அளந்து, அளவீட்டுப் புத்தகத்தில் இருவரும் கையொப்பமிடவேண்டும். அவர் வர மறுத்தால், திகதி குறித்து அழைத்த கடிதத்தின் பிரதியோடு, தகுதியுள்ள இன்னொருவரைக் கொண்டு அளந்து, படமும் எடுத்து வைக்கவேண்டும். இன்று ஒவ்வொருவர் கையிலும் படமெடுக்கும் தொலைபேசி இருக்கிறது. கோயில் திருவிழாவை நூறு படம் எடுப்பவர்கள் தாம் போட்ட கொங்கிறீற்றுக்கு ஒரு படமாவது எடுக்கலாகாதா? அளவீட்டுப் புத்தகத்தின் பிரதியைக் கந்தோர் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுள் முடிவு சொல்லவேண்டும்.

இன்னொரு பொறி உண்டு. நெடுநாள் அலைந்து களைத்தவரிடம், நிலுவையில் ஒரு பகுதிக்குக் காசோலையை நீட்டி, "முழுத் தீர்வையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சிட்ட தாளிற் கையொப்பம் வாங்குவார்கள். அடைவு வட்டி ஏறிக்கொண்டிருக்கும் மனிதன் கையொப்பம் வைப்பான். அக்கையொப்பத்தோடு மிகுதியும் போயிற்று. வாங்குகின்ற தொகை பகுதித் தொகையே என்று எழுதி, மிகுதிக்கான உரிமையை விலக்கிவைத்து வாங்கமுடியுமா என்று அந்த இடத்திலேயே கேட்கவேண்டும். பிணைமுறியையும் மறக்கலாகாது. வேலை முறிந்தபின் அது கந்தோரில் கிடக்குமளவும், வங்கியிற் கட்டிய பணம் கட்டுண்டு கிடக்கும்.

நீதிமன்றம் போவதற்கும் காலவெல்லை உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டும், எழுத்தில்லா ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டும் தருகிறது. செய்த வேலைக்கும் உழைப்புக்குமான வெறுங் கூலிக் கோரிக்கைக்கோ ஓராண்டு மாத்திரமே. நம்மூரில் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்ற சொல்லால் எத்தனை ஓராண்டுகள் கழிந்தன என்பதை மேசன்மாரைக் கேட்டால் தெரியும். சட்டமா அதிபரையோ, அமைச்சரையோ, அரசாங்க உத்தியோகத்தரையோ அவர் உத்தியோகமுறையிற் செய்த செயலுக்காக வழக்கிடுவதாயின், ஒரு மாத எழுத்து அறிவித்தல் முன்னதாகக் கொடுக்கவேண்டும் என்பது குடியியல் நடவடிக்கைக் கோவையின் 461ஆம் பிரிவு. பத்திரத்தில் நடுத்தீர்ப்பு வாசகம் இருந்தால் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அவ்வழியே போகவேண்டி வரும். பெருங் கம்பனிகளுக்கு அது நல்ல வழி. ஐந்து இலட்சத்துக்கு வழக்காடும் கமக்காரர் அமைப்புக்கு, நடுத்தீர்ப்பாளரின் கட்டணமே கோரிக்கையை விழுங்கிவிடும்.

இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. மேலே சொன்ன நாட்கள், வீதங்கள், முறிப்பு வாசகங்கள் யாவும் பத்திரத்தின் பிற்பக்கங்களில், பெரும்பாலும் ஆங்கிலத்திலே, சிற்றெழுத்தில் இருக்கின்றன. நிறுத்தற் கடிதமோ சிலவேளை சிங்களத்தில் மட்டும் வருகிறது. வாசித்து அறியமுடியாத பத்திரத்தில் ஒரு கமக்காரர் அமைப்பின் தலைவர் கையொப்பமிடுகிறார். விளங்காத கடிதமொன்றால் வெளியேற்றப்படுகிறார். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழியாக இருக்கவேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்தின் பின், விதிக்கிறது. சட்டப் புத்தகத்திலுள்ள தமிழ் வாய்க்கால் வேலைப் பத்திரத்துக்கு வருவதற்கு இத்தனை ஆண்டுகள் போதாவா? மொழியுரிமை என்றதும் பெயர்ப்பலகையை மட்டும் எண்ணுகிறோம். ஒரு மனிதனின் ஐந்து இலட்சம் ரூபா தங்கியிருக்கும் வாசகம் அவன் மொழியில் இருப்பதும் மொழியுரிமையே. நமது சட்டத்தரணிகளும் பொறியியலாளர்களும் கணிய அளவையாளர்களும் ஒன்றுகூடினால், சிறு வேலைகளுக்குரிய நிபந்தனைகளை விளங்கத்தக்க தமிழிலே சில நாட்களில் எழுதி முடிக்கலாம். இதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை.

உரிமை தெரிந்தவரும் கேட்கப் பயப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. இன்று வழக்கிட்டால் நாளை கேள்விப்பத்திரம் தரமாட்டார்கள் என்ற அச்சமே அது. தனியொருவர் கேட்டால் அவ்வச்சம் நியாயமானது. மாவட்டத்திலுள்ள எல்லாரும் ஒரு சங்கமாக நின்று, நிலுவைப் பட்டியலை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் யாரைத் தள்ளிவைப்பது? கமக்காரர் அமைப்புகளுக்கோ கமநல சேவை நிலையந்தோறும் கூட்டம் இருக்கிறது. உரப் பிரச்சினையைப் பேசும் அதே கூட்டத்தில் இதையும் பேசலாம்.

கொழும்பைக் கேட்கின்ற வாயால் நமது சபைகளையும் கேட்கவேண்டும். பிரதேச சபையும் வேலை கொடுப்பவரே. 2025 மே மாதத் தேர்தலோடு வடக்கு, கிழக்கின் சபைகள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளிடம் வந்தன. பலவற்றில் நம்மவரே தவிசாளர்கள். முந்திய தவிசாளர் காலத்து வேலை என்பதற்காகப் பட்டியலொன்றை இழுத்தடிக்கும் சபை, கொழும்பு செய்வதையே சிறிய அளவிற் செய்கிறது. சபையின் பெயராற் பட்ட கடன் சபையினுடையது. தவிசாளர் யாராயிருந்தாலும் அது மாறாது. சபைகள் அடுத்த வரவு செலவுத் திட்டத்தை எடுக்கும்போது ஒவ்வோர் உறுப்பினரும் தவிசாளரிடம் இவற்றைக் கேட்கட்டும்: நிறுத்தப்பட்ட வேலைகள் எவை, ஒவ்வொன்றிலும் அளந்த வேலையின் பெறுமதி என்ன, கொடுபடாத தொகை எவ்வளவு, திருப்பிக் கொடாத பிணைமுறிகள் எத்தனை? விடையை எழுத்திற் கேட்கட்டும். தமிழிற் கேட்கட்டும்.